மூன்றாம் மாடி அறையின் எண்

மேற்கு மாம்பலம்
6.11.2024

அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய பட்டுச் சேலையையும் வேட்டி சட்டையையும் டெம்போக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும். உங்கள் மச்சான் இப்போது படுக்கையில் லுங்கியோடு கிடக்கிறார். மயில்கண் கரை வேட்டி கட்டி எந்தக் கல்யாணத்துக்குப் போகப் போகிறார்?

போனில் கூப்பிடாதீர்கள். உங்கள் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். கோபத்தினால் மட்டும் இல்லை. எந்தப் போன் மணி அடித்தாலும் அவருக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. வீட்டில் எல்லாவற்றையும் ஊமையாக்கி வைத்திருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கடிதம் போடுங்கள். தி. நகருக்கும் மாம்பலத்துக்கும் நடுவே ஒரு ரயில்வே பாலம்தான். அதைத் தாண்ட உங்களுக்குத்தான் முகம் இல்லை, தபாலாவது தாண்டட்டும்.

உங்களுக்கு மறதி அதிகம். அதனால் நடந்ததை இன்னொரு தடவை சொல்கிறேன். ஆடித் தள்ளுபடி முடிந்து, சரக்கு சரிபார்க்கக் கடையை அடைத்த ஞாயிற்றுக்கிழமை. நாலாவது மாடி ஆபீஸில் அவரும், குடோனிலிருந்து புதிதாக மேலே வந்த ஷரஃபுதீனும் மட்டும். பேசிக்கொண்டிருந்தவருக்கு நாக்குக் குழறி, ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டார். செல்போன்கள் எல்லாம் கீழே வாசல் டப்பாவில். வேலை நேரத்தில் யார் கையிலும் செல்போன் இருக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம், தங்கச்சி புருஷனுக்கும் சேர்த்து. டப்பாச் சாவி உங்கள் இடுப்பில். நீங்கள் அடையாறில் கல்யாணப் பந்தியில்.

ஷரஃபுதீன் மேஜைப் போனை எடுத்து 108 அடித்தார். "ரிங்கு போய்க்கினே கீதுக்கா. இப்ப எடுப்பாங்க, இப்ப எடுப்பாங்கன்னு வெச்சு வெச்சு அடிச்சேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மணி அடித்தது ஆம்புலன்ஸ்காரர்களிடம் இல்லை. ஒரு மாடி கீழே, பூட்டிக்கிடந்த உங்கள் அறையில். ஏனென்றால் உங்கள் அறைப் போனுக்கு எண் 108. வெளியே பேச முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவரே தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி, ஆட்டோ பிடித்தார். "இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

கார் நம்பரைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும், கல்லா வடக்கே பார்க்க வேண்டும், அறைக்கு 108 வேண்டும். உங்கள் ராசி உங்களுக்கு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. சொல்வது எல்லாம் புரிகிறது. பதில்தான் இல்லை.

புஷ்பம்

*

தி. நகர்
11.11.2024

தங்கச்சி புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியாமல் படிக்கட்டில் போய் நின்று படித்தேன். உன் மதினி, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "துணி நல்லா இருக்காம்" என்று சொல்லிவைத்தேன். திரும்பி வந்த துணி அவள் கண்ணெதிரேதான் பீரோவில் இருக்கிறது.

நீ எழுதிய எதற்கும் நான் மறுப்பு எழுதப் போவதில்லை. நடந்துவிட்டது. யார் என்ன செய்தார்கள் என்று தோண்டினால் மச்சான் எழுந்து உட்காரப் போகிறாரா?

எண்களை எல்லாம் மாற்றிவிட்டேன். அதை மட்டும் சொல்கிறேன். போன் இணைப்புக் கொடுத்த ஈக்காட்டுத்தாங்கல் காஷிஃபையே வரவழைத்தேன். இப்போது உள்ளுக்குள் பேசுகிற எண்கள் எல்லாம் நாலு இலக்கம். 108, 100 எதை அடித்தாலும் பூஜ்யம் இல்லாமலே நேராக வெளியே போகும். ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் கடை விலாசம், எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எத்தனையாவது மாடி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது என்று காஷிஃப்தான் சொன்னான்.

எல்லாம் முடித்துவிட்டு, "ஒரு தபா அடிச்சுப் பாத்துடலாம் சார்" என்று ஸ்பீக்கரில் போட்டு 108 அடித்தான். உடனே எடுத்துவிட்டார்கள், புஷ்பம். ஒரு பெண் குரல், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டது. சோதனைக்காக அடித்தோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவன் வைத்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. துணிக்கட்டு இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா? வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

உன் அண்ணன்
தனபாலன்

*

மேற்கு மாம்பலம்
24.11.2024

அண்ணனுக்கு,

வர வேண்டாம். வாசலில் நின்றால் மேல்வீட்டுக்காரர்களுக்கு வேடிக்கை.

விலாசம் ஒட்டியது நல்ல காரியம். அது தோன்ற ஒரு ஆள் விழ வேண்டியிருந்தது. இன்னும் கேட்கிறேன். மேஜைக்கு அடியில் போன் வயர்கள் காலில் மாட்டுகிற மாதிரி தொங்குமே, அதைக் கட்டினீர்களா? கரண்ட் போனால் காஷிஃப் போட்ட அந்தப் புது மாதிரிப் போன்கள் என்ன ஆகும், கேட்டீர்களா? பழைய போன் என்றால் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசும். இது அப்படி இல்லை என்று மேல்வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சாஃப்ட்வேர் கம்பெனி, அவருக்குத் தெரியும்.

இங்கே ஒரு நல்ல சேதி. கோபாலபுரத்திலிருந்து வர்ஷினி என்று ஒரு பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறாள். "மாமா, நாக்கை மேல ஒட்டுங்கோ, இப்ப விடுங்கோ. ஆஹா, நன்னா வரதே!" என்று குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். கடையில் இருபது பேரை அதட்டியவர், அவளுக்குப் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போகிறார். அவள் போன பிறகும் விடுவதில்லை. வாயைக் கோணிக்கொண்டு, முகம் எல்லாம் வியர்த்து, தானாகவே முயற்சி செய்கிறார். எழுத்துதான் வரவில்லை. இடது கையில் பேனா கொடுத்தால் வெறும் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துப் பேனாவை வீசி எறிகிறார்.

உங்களை நான் வையும்போதெல்லாம் அவருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. அவருக்கும் அதே ஆத்திரம். சொல்ல வாய் இல்லையே என்று நானே அவருக்கும் சேர்த்து வைகிறேன்.

கடை விஷயம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்தால் இந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பொழுது போகிறது.

புஷ்பம்

*

தி. நகர்
9.12.2024

தங்கச்சி புஷ்பத்துக்கு,

மச்சானுக்குக் குரல் வருகிறது என்று படித்ததும் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். திருச்செந்தூருக்கு அவரையே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அவர் பெயரும் செந்தூர்பாண்டி. முருகன் கைவிட மாட்டான்.

உன் மேல்வீட்டுக்காரர் சொன்னது சரி. புயல் மழையில் கரண்ட் போனது, அத்தனை போனும் செங்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. காஷிஃபைத் திட்டினேன். "ஜெனரேட்டர்ல போன் லைன குடுக்கலாம்னு சொன்னேன், அப்பாலிக்கா பாத்துக்கலாம்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றான். எல்லோரும் என் வாயை அடைப்பதற்கென்றே பிறந்திருக்கிறார்கள். இப்போது போன்களுக்கு என்று தனியாக ஒரு யுபிஎஸ் வைத்துவிட்டோம். படிக்கட்டுப் பக்கம் கரண்ட் இல்லாமல் ஓடுகிற பழைய லைன் ஒன்றையும் போட்டாயிற்று. வயர்களை எல்லாம் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

செல்போன் டப்பாவையும் எடுத்துவிட்டேன். அதன் பலன், முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவர்கள் நிற்கிறார்கள், நம் பெண்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பேச வேண்டியது இருந்தா பேசுங்க தாயி, ஆடுறதப் பாக்காதீங்க" என்று கெஞ்சுகிறேன். மச்சான் இருந்திருந்தால் ஒரு செருமலில் கடை அடங்கியிருக்கும்.

ஷரஃபுதீன்தான் சரியாக இல்லை. மேஜையில் போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். எடுக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். மறுபடி குடோனுக்கே அனுப்பிவிட்டேன். அங்கே போன் கிடையாது.

தைப் பொங்கல் வருகிறது. உன் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒரு பொங்கலுக்கும் படி கொடுக்காமல் இருந்ததில்லை. பானையும் கரும்பும் மஞ்சள் குலையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உன் அண்ணன்
தனபாலன்

*

மேற்கு மாம்பலம்
2.1.2025

அண்ணனுக்கு,

செங்கல் போனைப் பற்றிப் படித்தபோது இந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னுடையது இல்லை. அவருக்குச் சத்தமாக மூச்சு விட்டுச் சிரிக்க வருகிறது.

வர்ஷினிக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை. "என் பேஷன்ட்ஸ்ல யாரும் இப்படிப் பாடுபட்டதில்லை மாமி. தை பொறக்கட்டும், ஒரு முழு வார்த்தை வந்துடும், பாருங்கோ" என்கிறாள். நானும் பார்க்கிறேன். விடிந்ததும் தொடங்கிவிடுகிறார். இந்த மனுஷன் பேசிவிட்டால் போதும். நடக்காவிட்டால் போகிறது, நான் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். பேசாத வீட்டில் இருக்கத்தான் முடியவில்லை. பேச்சு வந்தால் முதல் வசவு உங்களுக்குத்தான், தயாராக இருங்கள்.

பொங்கல்படி விஷயம். கொண்டு வரலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "அந்த 108-ஐ வைத்தது நான், என் ராசிப் பைத்தியத்தினால் வைத்தேன்." இவ்வளவுதான். இதுவரை நீங்கள் எழுதிய எதிலும் அது இல்லை. மாற்றிவிட்டேன், கட்டிவிட்டேன், ஒட்டிவிட்டேன் என்று வேலைக் கணக்கு எழுதுகிறீர்கள். வைத்தது யார் என்று எழுதவில்லை. நடந்துவிட்டது என்கிறீர்கள். தானாகவா நடந்தது? ஷரஃபுதீனுக்கு இருக்கிற மனசாட்சி உங்களுக்கு இல்லையா? ஊர் பேர் தெரியாத அந்த மனிதர் போனைத் தொட மாட்டேன் என்கிறார், கூடப் பிறந்த நீங்கள் கரும்பு தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

அந்த வரி இல்லாமல் வாசல்படி ஏறாதீர்கள். ஏறினால் பானையைத் தெருவில் போட்டு உடைப்பேன். நான் சொன்னால் செய்வேன், உங்களுக்குத் தெரியும்.

புஷ்பம்

*

தி. நகர்
8.1.2025

புஷ்பம்,

நானும் மனுஷன்தான். எத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொள்வேன்? எனக்கு மனசாட்சி இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, கேட்டுக்கொள்.

அந்த எண்ணை வைத்தது நான் இல்லை. மச்சான்.

போன் இணைப்புக் கொடுத்த அன்று காஷிஃப் எந்த அறைக்கு எந்த எண் என்று கேட்டான். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆபீஸ் மேனேஜரைக் கேள் என்று மச்சானைக் கைகாட்டினேன். அவர்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். என் அறை வந்ததும் 108 என்றார். "சார், அது வேணாம் சார், ஆம்புலன்ஸ் நம்பரு" என்று காஷிஃப் சொன்னான். என் காதால் கேட்டேன். மச்சான் சிரித்துக்கொண்டே, "வெளிய பேசத்தான் முன்னால சைபர் போடணும்லா தம்பி, பிறகு என்ன குழப்பம்? முதலாளி ரூமுக்கு ராசியா இருக்கட்டும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சும்மா இருந்துவிட்டேன். அந்தச் சைபர் விஷயத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பையும் அவர்தான் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் சொன்னார். ஷரஃபுதீன் பிறகு வந்தார், சொல்ல விட்டுப்போயிற்று.

எனக்கு ராசியாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் வைத்தார். அந்த மனிதர்மேல் எப்படி நான் பழி சொல்வேன்? நீ என்னை வைதால் நான் தாங்குவேன், படுக்கையில் கிடக்கிறவரை நீ ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ விடவில்லை. வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன்.

இதைப் படித்ததும் கிழித்துப்போடு. அவருக்குத் தெரிய வேண்டாம்.

தனபாலன்

*

மேற்கு மாம்பலம்
16.1.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதங்களை நான் தனியாகப் படிப்பதில்லை. தபால் வந்ததும் அவர் கட்டில் பக்கத்தில் நின்று, பிரித்து, சத்தமாகப் படிப்பேன். முதல் கடிதத்திலிருந்தே அப்படித்தான். கடைப் பேச்சு கேட்டால் அவருக்கு முகம் தெளிகிறது என்று ஆரம்பித்தது. உங்களிடம் நேராகச் சொல்லவில்லை. சொன்னால், அவருக்காக என்று இனிப்புத் தடவி எழுதுவீர்கள்.

இதையும் அப்படித்தான் பிரித்தேன். "நானும் மனுஷன்தான்" என்று நீங்கள் எழுதியிருந்ததை உங்களை மாதிரியே குரலை ஏற்றிக் கேலியாகப் படித்தேன். அடுத்த வரி வாயில் வந்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கே புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். கண் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது, வாயும் கூடவே ஓடிவிட்டது. காஷிஃப் சொன்னது, அவர் சிரித்தது, ஷரஃபுதீனுக்குச் சொல்ல விட்டுப்போனது, எல்லாம் படித்துவிட்டேன். கிழித்துப்போடு என்ற வரி வரைக்கும்.

அவர் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "அதனால என்ன, நான் ஒண்ணும் நினைக்கலை" என்றேன். நாலு தடவை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் வர்ஷினி வந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் திறக்கிறார். பொங்கலுக்கு நான் பானை வைக்கவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் குலவை போட்டார்கள், குக்கர் விசில் மாதிரி கேட்டது.

ஏன் எழுதினீர்கள் அண்ணே? நான் கேட்டால் எழுதிவிடுவதா? நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன், எதைச் செய்தீர்கள்?

புஷ்பம்

*

தி. நகர்
20.1.2025

புஷ்பம்,

கீழே இருப்பதை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டு. இந்த இரண்டு வரியைப் படிக்காதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

அன்புள்ள மச்சானுக்குத் தனபாலன் எழுதுவது. போன கடிதத்தில் நான் எழுதியது முழுப் பொய். தங்கச்சி விடாமல் வைதாளே என்ற ஆத்திரத்தில், கூசாமல் உங்கள் தலையில் தூக்கிப் போட்டுவிட்டேன். 108 என்னுடைய ஆசை. நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். காஷிஃபும் வேண்டாம் என்றான். இரண்டு பேர் பேச்சையும் நான் கேட்கவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லாததால் அதெல்லாம் மறந்திருக்கும். நான் சொல்வதுதான் நிஜம். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நீங்கள் எழுந்து வந்து என்னைச் செருப்பால் அடியுங்கள். உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. கடை நீங்கள் இல்லாமல் கடையாகவே இல்லை. பேச முயற்சி செய்யுங்கள் மச்சான். அந்தப் பெண் வரும்போது வாயைத் திறங்கள். எனக்காக.

தனபாலன்

*

மேற்கு மாம்பலம்
12.2.2025

அண்ணனுக்கு,

படித்துக் காட்டினேன். மேலே இருந்த இரண்டு வரியை விட்டுவிட்டுத்தான் படித்தேன்.

அவர் சிரித்தார். சத்தம் இல்லை, வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. அவர் என்ன எண் வைத்தார் என்று அவருக்குத் தெரியாதா, நீங்கள் வந்து மறக்கடிக்க? உங்களுக்குப் பொய் எழுதக்கூட வரவில்லை, பாவம். கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதோடு சரி. வாயைத் திறக்கவில்லை.

வர்ஷினி போன வாரத்தோடு நின்றுவிட்டாள். "நாக்கு தயாராத்தான் இருக்கு மாமி. மாமாவுக்கு வேண்டாம்னு ஆயிடுத்து. அதுக்கு என்னண்ட பயிற்சி இல்லை" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அழுதாள். சின்னப் பெண்.

ஏன் வேண்டாம் என்று ஆயிற்று என்று எனக்குத் தெரியும். யோசித்து யோசித்துத் தெரிந்துகொண்டேன். தான் செய்த தப்பு வெளியே வந்துவிட்டதே என்ற வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை. இத்தனை மாதமும் அவர் காது கேட்க உங்களை நான் வைதேன். அண்ணனா நீ, நாசமாய்ப் போ என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் அழுதார். எனக்கு ஒத்து ஊதுகிறார் என்று இன்னும் இரண்டு கூடச் சேர்த்து வைதேன். நான் இல்லாதபோதும் வியர்க்க வியர்க்க வாயைக் கோணிக்கொண்டு அவர் முயன்றது, "அவன் இல்லை, நான்" என்று என்னிடம் சொல்லத்தான், அண்ணே. உங்களை என் வாயிலிருந்து காப்பாற்றத்தான். அதற்காக மட்டும்தான் அந்த மனுஷனுக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

அதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் படித்துவிட்டேன். அவருக்கு இனிச் சொல்ல எதுவும் இல்லை.

கோபம் இல்லை. யார்மேல் படுவது? வர வேண்டுமென்றால் வாருங்கள். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து பக்கத்தில் உட்காருங்கள். உங்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். பேசுவார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

புஷ்பம்